பங்களாவுக்கு எத்தனை மார்க்

அந்தப் படத்தை இன்னொருக்கா காட்டுங்க தம்பி. செல்லைக் கையில குடுக்க வேண்டாமுங்க, அப்படியே புடிங்க, பாத்துக்கறேன். ஆமா, அதேதான். செங்காட்டுப் பங்களா. வெள்ளையடிச்சு ஆளே மாறிப் போயிருக்குது. மறுபடி கல்யாணத்துக்கு உடறாங்களா? எனக்குத் தெரியாதுங்க. கேசு நடந்துட்டு இருக்குதுன்னுதான் நெனச்சுட்டிருந்தேன்.

மகளுக்குங்களா? வைகாசியிலயா? நல்லதுங்க. அதான் நேர்ல ஒரு எட்டு பாத்துப்போட்டு வரலாம்னு கெளம்பிட்டீங்க. செய்ய வேண்டிய காரியம். செல்லுல படத்தைப் பாத்து மண்டபம் புடிக்கற காலத்துல நீங்க பஸ் ஏறி வர்றீங்க பாருங்க, அதுலயே தெரியுது. எப்படிங்க அந்த எடம்னு என்னைக் கேட்டீங்க. மரியாதையாக் கேட்டீங்க. கேட்டவங்களுக்குச் சொல்றதுல எனக்கு ஒரு சங்கடமும் இல்லீங்க. கேக்காதவங்க கிட்டப் போயி வாயைத் தொறக்கறதுதான் எனக்கு ஆகாது. அது என்ற பழக்கம்.

நான் கருக்கம்பாளையம் பிரிவுல எறங்கோணும். இன்னும் முக்கா மணி நேரம் ஆகும். அங்க என்ற கொழுந்தியா ஊடு இருக்குது. என்ற ஊட்டுக்காரி செண்பகம் ஏழு மாசமா அங்கதான் இருக்கறா. சண்டைன்னு சொல்ல முடியாதுங்க. இன்னிக்கு நான் போயி அவிய முன்னால ஒரு விசயத்தைச் சொன்னா, பையை எடுத்துட்டு எங்கூட வந்துருவா. சொல்லாட்டி அவளே சொல்லிப்போடுவாளாம், அப்பறம் இந்த ஜென்மத்துக்கு என்ற ஊட்டுப் படி ஏறமாட்டாளாம். அந்த விசயமும் இந்தப் பங்களாவும் ஒண்ணுதான். அதனால நீங்க படத்தைக் காட்டுனதும் எனக்குக் கொஞ்சம் திக்குன்னு ஆயிப்போச்சு. வேற ஒண்ணுமில்லீங்க.

நானு தணிகாசலமுங்க. கவர்மெண்டுல கட்டட ஓவர்சியரா முப்பத்திமூணு வருசம். ரிட்டயர் ஆயி ஒம்பது வருசமாச்சு. எங்க சொந்தத்துல பொண்ணு பாக்கறதுக்கு யாரை வேணும்னாலும் கூட்டிட்டுப் போவாங்க. மண்டபம் பாக்கறதுக்கு என்னைத்தான் கூப்பிடுவாங்க. வெத்தலை பாக்கோட ஊட்டுக்கு வந்து, நீங்க ஒருக்கா பாத்துச் சொன்னாத்தான் மண்டபம் பேசுவோம்பாங்க. நான் போயிப் பாத்து மார்க் போடுவேன். நூத்துக்கு எத்தனைன்னு. எழுவதுக்குக் கீழ போட்டுட்டேன்னா அந்த மண்டபம் வேண்டாம்னு அர்த்தம். தொண்ணூறு நான் யாருக்கும் போட்டதில்லீங்க. எண்பத்திநாலு ஒருக்கா போட்டிருக்கறேன், தாராபுரத்துல.

மண்டபக்காரன் காட்டற எடத்தை நான் பாக்கமாட்டேன் தம்பி. அவன் மேடையைக் காட்டுவான், வெளக்கைக் காட்டுவான். ஒரம்பரையா, விருந்தாளியா வர்றவனுக்கு அது எதுக்குங்க? முழங்கால் நோவு புடிச்ச பொம்பளை வந்து எறங்குனா, செருப்பை எங்க உடுவா, எத்தனை படி ஏறுவா, எங்க உக்காருவா, அதைப் பாப்பேன். கக்கூஸ் எத்தனை தூரம், உள்ள கொக்கி விழுகுதா. சோத்துக்கு நிக்கறவன் உங்கறவன் முதுகுக்குப் பின்னால நிக்கறானா, தனியா நிக்க எடம் இருக்குதா. கை கழுவற எடத்துல தரை வழுக்குதா. இதெல்லாம் பாத்துப்போட்டு, கடைசியா மேல பாப்பேன். தளத்தை, விட்டத்தை, செவுத்தை. அதை யாருக்கும் தெரியாமப் பாத்துக்குவேன். பொழப்பு சொல்லிக்குடுத்த பழக்கம், உடாதுங்க.

சரி, பங்களாவுக்கு வர்றேன். என்ற சகலை நாச்சிமுத்து. செண்பகத்தோட தங்கச்சி திலகா புருசன். நெம்ப நல்ல மனுசன்தான், அதுல குத்தம் சொல்ல மாட்டேன். ஒரே பொண்ணு, தேன்மொழின்னு பேரு. பெங்களூர்ல வேலை. போன ஆவணியில கல்யாணம். ஆடி மாசம் ஒரு நாள் திலகா போன் பண்ணி, "மாமா, மண்டபம் புடிச்சாச்சுங்க, பங்களாவாமுங்க, புள்ளை செல்லுல பாத்துப் புடிச்சுட்டா"ங்கறா. புடிச்சாச்சு. கேட்டீங்களா? பாக்கலாமாங்கலை. வாங்கங்கலை. புடிச்சாச்சு. நானும், "சந்தோசம் அம்மிணி"ன்னு போனை வெச்சுட்டேன். செண்பகம் என்ற மூஞ்சியைப் பாத்துட்டு, "சின்னப் புள்ளைக ஆசைப்பட்டுச்சுக, உடுங்க"ன்னா. நான் உட்டாச்சே. நான் என்ன சொன்னேன்? ஒண்ணுமே சொல்லலையே.

அப்பறம் பத்திரிகை வெக்க வந்தாங்க. அப்பவாச்சும் நாச்சிமுத்து கேப்பாருன்னு பாத்தேன். காப்பி குடிச்சாரு, மழை பத்திப் பேசுனாரு, போயிட்டாரு. இருவத்தாறு மண்டபம் பாத்துக் குடுத்திருக்கறேன் தம்பி. அவரு கல்யாணத்துக்கே நான்தான் பாத்தேன்.

கல்யாணத்துக்கு மொத நாள் சாயங்காலம் போய் எறங்குனோம். வெளிய நின்னு பாத்தா அழகுதாங்க, பொய் சொல்லக்கூடாது. அந்தக் காலத்துல யாரோ பெரிய பண்ணையக்காரரு கட்டுனது. தென்னந்தோப்பு நடுவுல, கலர்க் கண்ணாடி சன்னல் வெச்சு, கீழ ஒரு ஆசாரம், மேல ஒரு ஆசாரம்னு ரெண்டு பெரிய கூடம். ஆனா ஒரம்பரையா உள்ள போனவனைக் கேளுங்க. வண்டியை உட்டுட்டு அரைப் பர்லாங்கு சல்லி மேல நடக்கோணும். செண்பகம் செருப்புக்குள்ள கல்லு பூந்து ரெண்டு தடவை நின்னா. வாசல்ல பன்னீர் தெளிக்கற புள்ளைக நிக்கறதுக்கு எடம் இல்லாம ரோசாச் செடிக்குள்ள நிக்குதுக. பருத்திக் குடோனைப் பந்திக்கூடம் ஆக்கியிருக்கறாங்க, காத்தாடி சுத்துது, காத்து வரலை. வயசானவங்க உக்கார கீழ நாலே நாலு பெஞ்சு. மத்த நாற்காலி பூராவும் மாடியில. மாடிக்கு இருவத்தியெட்டுப் படி. மனசுக்குள்ளேயே முப்பது மார்க் கொறச்சுட்டேன்.

கக்கூசுக்கு மேலதான் போகோணும்னாங்க. பொண்ணு மாப்பிள்ளை தங்கறதுக்குன்னு மேக்கால ரூம்புக்கு ஒட்டுன மாதிரி புதுசா ஒரு பாத்ரூம் கட்டியிருந்தாங்க. பளபளன்னு டைல்ஸ். உள்ள போனதும் காலுக்கடியில தண்ணி. எங்கிருந்து வருதுன்னு பாத்தா டைல்ஸ் சந்துல ஊறி நிக்குது. எனக்கு அப்பவே ஒரு மாதிரி ஆச்சு. ஊறுற தண்ணி எங்கயோ எறங்கோணுமில்லீங்க?

திரும்பி மேல் ஆசாரத்துக்கு வந்தேன். கையில எலுமிச்சம்பழம் இருந்துச்சு, வாசல்ல குடுத்தது. வேட்டியைச் சரி பண்ணறப்போ கீழ உழுந்துருச்சு. அது நிக்கலை தம்பி. மெல்லமா உருண்டுட்டே போகுது. நாற்காலிக் காலுக்கு நடுவுல பூந்து, மேக்கால செவுத்துக்கிட்டப் போயி முட்டிட்டு நின்னுது. அங்க ஒரு கொழந்தை அதை எடுத்துட்டு வந்து என்ற கையில குடுத்துச்சு. நான் மறுபடியும் கீழ வெச்சுப் பாத்தேன். மறுபடியும் அங்கயேதான் போகுது.

கீழ எறங்கி வந்து அந்த மேக்கால மூலைக்கு நேர் அடியில நின்னேன். விட்டம் தெரியக்கூடாதுன்னு தளம் பூரா மஞ்சத்துணி கட்டித் தொங்க உட்டிருந்தாங்க, டெக்கரேசன். செவுத்துல சுண்ணாம்பு ஊதி நிக்குது, ஈரம். யாரும் பாக்கலைன்னு தெரிஞ்சுக்கிட்டு ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, துணிக்குள்ள கையை உட்டேன். தேக்கு விட்டம், செவுத்துக்குள்ள போற எடம். என்ற ஸ்கூட்டர் சாவியை எடுத்துக் குத்துனேன். தேக்குன்னா சாவி வளையோணுமுங்க. வளையலை. உள்ள போயிருச்சு, புடி வரைக்கும். இழுத்தா காப்பித்தூளாட்ட ஈரமா ஒட்டிட்டு வருது.

எத்தனை நாள் நிக்கும்னு யாராலும் சொல்ல முடியாதுங்க அதை. பத்து வருசம் நிக்கும். இல்லாட்டி நாளைக்கே போயிரும். எத்தனை பேரு ஏறி, எந்த எடத்துல நிக்கறாங்கங்கறதைப் பொறுத்தது. என்ற சர்வீசுல அப்படி ரெண்டு பாத்திருக்கறேன். சாவியை வேட்டியில தொடச்சுப்போட்டு எறங்கிட்டேன்.

சொல்லோணும்னுதான் போனேன் தம்பி. அதை நீங்க நம்போணும். நேரா நாச்சிமுத்துக் கிட்டத்தான் போனேன். அவரு சம்பந்திக்காரரு நாலு பேரு கூட நின்னு பேசிட்டிருந்தாரு. "மாப்ள, ஒரு நிமிசம் இக்கட்ட வாங்க"ன்னேன். அவரு என்ற தோள்ல கையைப் போட்டு, அவங்க கிட்டச் சொல்றாரு: "இவருதானுங்க என்ற சகலை. இவரு நொட்டை சொல்லாத மண்டபம் இந்த ஜில்லாவுலயே இல்லீங்க. இப்பவும் எதோ ஒண்ணைக் கண்டுபுடிச்சுட்டுத்தான் வர்றாரு, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. ஒரு காப்பியக் குடுத்து வாயை அடைச்சுப்போடுங்க." எல்லாரும் சிரிச்சாங்க. காப்பியும் வந்துருச்சு. நான் வாங்கிக் குடிச்சேன். "என்ன சகலை, சொல்லுங்க"ன்னாரு அப்பறம். "ஒண்ணுமில்லீங்க, பந்தி எத்தனை மணிக்குன்னு கேக்க வந்தேன்"னுட்டேன்.

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? அத்தனை பேரு சிரிச்சதுக்கப்பறம்? அதுவும் கல்யாண ஊடு. முகூர்த்தத்துக்கு மொத நாள், இந்த ஊடு உழுந்துரும்னு சொல்ல முடியுமாங்க? அபசகுனமாப் பேசறான்னு சம்பந்திக்காரங்க எந்திரிச்சுப் போயிட்டா? பொண்ணு வாழ்க்கை என்னத்துக்காகறது? அதையும் யோசிச்சேன். யோசிக்காம இல்லை.

அன்னிக்குப் படுக்கப் போகும்போது செண்பகத்துக் கிட்ட மட்டும், "நாளைக்கு மாடியில எச்சா நேரம் நிக்காத, உனக்கு முழங்கால் வலிக்கும்"னேன். அவ என்னை ஒரு பார்வை பாத்தா. நாப்பது வருசத்துல அவ முழங்காலைப் பத்தி நான் பேசுனதே இல்லியாம். பின்னாலதான் சொன்னா.

காலையில முகூர்த்தம் கீழ, வாசல் பந்தல்ல. அருமைக்காரரு வந்து சீரெல்லாம் நல்லபடியா நடத்திக் குடுத்தாரு, தாலி ஏறுச்சு, கெட்டிமேளம் கொட்டுச்சு. நான் பொண்ணைப் பாத்தனுங்கறீங்க? மேல தொங்கற சரவெளக்கைத்தான் பாத்துட்டிருந்தேன், கதவு வழியா உள்ள தெரியுது. தவில் நின்னதுக்கப்பறமும் அந்தக் கண்ணாடிக கிணிகிணின்னுட்டே இருக்குதுக. உள்ள போனேன். கீழ இருக்கற மேக்கால ரூம்புக் கதவை அந்தப் பங்களாக்காரனோட ஆளு ஒருத்தன் சுத்தியல்ல தட்டிட்டு நிக்கறான். "நேத்து நல்லாச் சாத்துச்சுங்க, இன்னிக்குச் சாத்த மாட்டீங்குது, மரம் ஊதிக்குச்சாட்ட இருக்குது"ங்கறான். மரம் ஊதலைங்க. மேல இருந்து எறங்குது. நெலவுச் சட்டத்து மேல பாரம் உக்காந்தா கதவு அப்படித்தான் புடிக்கும். "எளைப்புளி போட்டு எளைச்சு உடு, சரியாயிரும்"னு சொல்லிப்போட்டு வந்துட்டேன்.

ஏனுங், நீங்க எதுக்கு அப்படிப் பாக்கறீங்க? அவன் வேலைக்காரன். அவங்கிட்டச் சொல்லி என்னாகப் போகுது.

பதினொன்னரை இருக்கும். போட்டோக்காரன் மேல் ஆசாரத்துல எல்லாரையும் ஒட்டுக்கா நிக்க வெச்சு ஒரு குரூப் போட்டோன்னான். ரெண்டு பக்கத்துச் சொந்தமும். மேக்கால சன்னல்ல கலர் வெளிச்சம் விழுகுது, அங்க நின்னாத்தான் நல்லா இருக்கும்னு மைக்குல கூப்புடறான். கூட்டம் படியேறுது. அறுவது எழுவது பேரு இருக்கும். நான் கீழ தூணுக்கிட்ட நின்னுட்டிருக்கறேன். மேல காலடி சத்தம், எல்லாம் மேக்கால பாத்துப் போகுது. தலைக்கு மேல மஞ்சத்துணியில இருந்து பொடி உதிருது. தலையில, தோள்ல. தொட்டுப் பாத்தேன். ஈரமா இருந்துச்சு.

செண்பகம் மேலதான் இருக்கறா. நான் படியேறிப் பாதி வரைக்கும் போயி, அங்க நின்னுட்டே, "செண்பகம், சாப்பிட வா"ன்னேன். "போட்டோ எடுத்துட்டு வர்றனுங்க"ன்னா. "இப்ப வர்றியா இல்லியா, மாத்திரை போடோணும் எனக்கு"ன்னு கத்திப்போட்டேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அவ மூஞ்சியெல்லாம் சின்னமாப் போயி எறங்கி வந்தா. திலகா மேல நின்னு சிரிச்சுட்டே, "மாமாவுக்குப் பசி வந்தா அப்படித்தான், நீ போக்கா"ங்கறா. அதுதான் திலகா நின்னு பேசி நான் கடைசியாப் பாத்தது.

அப்பறம் பந்திக்குப் போனோம். அவ்வளவுதான்.

இல்லீங்க, இன்னொண்ணு இருக்குது. அதைச் சொல்லாம உட்டா நீங்க எச்சா ஒண்ணும் இழக்க மாட்டீங்க. ஆனா செண்பகம் அதையேதான் புடிச்சுத் தொங்கறா, அதனால சொல்றேன். நாங்க வாசலைத் தாண்டறதுக்குள்ள பின்னாலயே தேன்மொழி ஓடி வந்தா. கல்யாணப் பொண்ணு, மாலையும் கழுத்துமா, சேலையை ஒரு கையில தூக்கிப் புடிச்சுட்டு. என்ற கையைப் புடிச்சுக்கிட்டா. "பெரியப்பா, நீங்க இல்லாம போட்டோவா? அப்பா உங்களைக் கேக்காமப் புடிச்சுட்டாருன்னு உங்களுக்குக் கோவம், எனக்குத் தெரியும். நான்தான் அவசரப்பட்டுப் புடிச்சேன், எம்மேல தப்பு. இப்பக் கேக்கறேன், சொல்லுங்க. பங்களாவுக்கு எத்தனை மார்க்?"

அம்மிணி மூஞ்சி நெம்ப சந்தோசமா இருந்துச்சு தம்பி. வேர்த்து, பொட்டு கொஞ்சம் கலைஞ்சு. அவளுக்கு மூணு வயசுல நான்தான் காது குத்தறதுக்கு மடியில வெச்சுட்டிருந்தேன்.

"நூத்துக்கு நூறு கண்ணு"ன்னேன்.

அவளுக்கு நம்ப முடியலை. "நெசமாவா? நீங்க யாருக்கும் தொண்ணூறே போட்டதில்லையே"ன்னா. "உனக்குத்தான் மொதல்ல"ன்னேன். அவ சிரிச்சுட்டே திரும்பி ஓடிப் படியேறுனா. மேல போயி எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கறா, பெரியப்பா நூறு மார்க் போட்டுட்டாருன்னு. கை தட்டற சத்தம் எனக்குக் கீழ கேட்டுச்சு. நாச்சிமுத்துக் கொரலும் கேட்டுச்சு, "கூப்பிடுங்கப்பா அந்த மனுசனை மேல"ன்னு.

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்கறீங்களா? அந்த நேரத்துல வேற என்ன சொல்றதுங்க. கேட்டதும் கேட்டா, முடிஞ்சதுக்கப்பறம் கேட்டா. ஆடி மாசம் கேக்க வேண்டியதை அன்னிக்குக் கேட்டா. நானும் மனுசன்தானுங்க. அறுவத்தியேழு வயசாச்சு. காப்பியக் குடுத்து வாயை அடைங்கன்னவரு மக. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் வாயை அடைச்சுக்கிட்டேன்.

பந்தியில எலை போட்டு, பருப்பு ஊத்திட்டு வந்தாங்க. நெய் ஊத்தறவன் எனக்கு ரெண்டு எலை முன்னால நின்னான். அப்பத்தான் கேட்டுச்சு. மண்ணு லாரி கொட்டறாப்ல ஒரு சத்தம். அப்பறம் காத்தாடி சத்தம் மட்டும். குடோன் வாசல் வழியா சுண்ணாம்புத் தூசி உள்ள வருது. எலை மேல, சோத்து மேல, எல்லாத்து மேலயும் வெள்ளையா எறங்குது. செண்பகம் கையில எடுத்த சோறு கையிலயே இருக்குது. அவ வாசலைப் பாக்கலை தம்பி. என்னைப் பாத்தா.

மாப்பிள்ளையோட பெரியம்மா ஒருத்தங்க அங்கயே போயிட்டாங்க. பதினாலு பேருக்குக் கையி காலு. கூட்டம் வரிசையா நிக்கற வரைக்கும் பொண்ணும் மாப்பிள்ளையும் கெழக்கால நாற்காலியில உக்காந்திருந்ததுனால தளம் அவங்க வரைக்கும் உழுகலை. திலகா மேக்கால சன்னலுக்கிட்ட நின்னிருக்கறா. முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி ஒண்ணும் இல்லீங்க இப்ப, படுத்த படுக்கைதான். நான்தான் கட்டையைத் தூக்கி அவளை வெளிய எடுத்தேன். என்ற கையி ரெண்டும் கிழிஞ்சு போச்சு, பாருங்க, இன்னும் வடு இருக்குது. நாச்சிமுத்து எல்லார் முன்னாலயும் என்ற காலைப் புடிச்சுக் கும்பிட்டாரு, எங்குடும்பத்தையே தூக்கி நிறுத்துனீங்கன்னு. பேப்பர்ல எஞ்சினீயர் ரிப்போர்ட்டு வந்துச்சு. மேக்கால விட்டம், செவுத்துக்குள்ள போற முனை, பாத்ரூம் கசிவு. அப்படியே நான் நெனச்சது. ஒரு வார்த்தை மாறலை. படிச்சுட்டு செண்பகத்துக்கிட்ட நீட்டுனேன்.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமா"ன்னா.

தெரியும்னேன். சாவியைக் குத்திப் பாத்தது, எலுமிச்சம்பழம், எல்லாத்தையும் சொன்னேன். அதனாலதான் உன்னைக் கீழ கூப்பிட்டேன்னும் சொன்னேன். அவ சந்தோசப்படுவாள்னுதான் சொன்னேன் தம்பி. அவ உசுரை நான் காப்பாத்தியிருக்கறேனில்லீங்க? அவ உள்ள போயி நாலு சேலையை மடிச்சுப் பையில வெச்சா. தங்கச்சியைப் பாத்துக்க ஆளில்லை, போறேன்னா. போயிட்டா.

மொதல்ல நானும் தங்கச்சிக்காகத்தான்னு நெனச்சேன். போன வாரம் போன் பண்ணுனேன். அப்பத்தான் சொல்றா. தேன்மொழி புருசன் ஊட்டுக்கே போகலையாம். வேலையையும் உட்டுட்டாளாம். அம்மா தலைமாட்டுலயே உக்காந்துட்டு, "நான்தான் செல்லுல பாத்து அந்த ஊட்டைப் புடிச்சேன், நான்தான் எல்லாரையும் மேல கூப்பிட்டேன்"னு அதையே சொல்றாளாம். மாப்பிள்ளைப் பையன் ரெண்டு தடவை வந்து கூப்பிட்டுப் பாத்தான். உங்க பெரியம்மாவைக் கொன்னுட்டு அந்த ஊட்டுக்கு எப்படி வர்றதுங்கறாளாம். மூணாந்தரம் அவன் வரலை. இன்னொண்ணும் சொல்றாளாம். "பெரியப்பாவே நூறு மார்க் போட்டாரே, அவருக்கே தெரியலையே, எனக்கு எப்படித் தெரியும்"னு. சொல்லிட்டு உடனே, இல்லை, எம்மேலதான் தப்புங்கறாளாம்.

"அந்தப் புள்ளை தூங்கி ஏழு மாசமாச்சு"ங்கறா செண்பகம். "உங்க வாயால வந்து சொல்லுங்க. எனக்குத் தெரியும் கண்ணு, தெரிஞ்சுதான் நூறுன்னேன், உன்மேல தப்பில்லைன்னு சொல்லுங்க. அவ உங்களைத் திட்டட்டும். காறித் துப்பட்டும். துப்புனா அவ பொழச்சுக்குவா. இந்த ஞாயித்துக்கெழமை வரைக்கும் பாப்பேன். வரலைன்னா நான் சொல்லிப்போடுவேன்."

இன்னிக்கு ஞாயித்துக்கெழமை.

போகத்தான் போறேன். அதுக்குத்தானே பஸ் ஏறியிருக்கறேன். ஆனா என்னன்னு சொல்றதுங்க? அதைத்தான் உங்ககிட்டப் பேசிப் பாக்கறேன். தெரிஞ்சுது, ஆனா உறுதியாத் தெரியலைன்னு சொல்லலாம். அது பொய்யுமில்லை. சொல்ல வந்தேன், உங்கப்பன்தான் சொல்ல உடலைன்னும் சொல்லலாம். அந்த மனுசன் இப்பவே ஒருவேளைச் சோறுதான் உங்கறாராம், அவருகிட்ட அதைச் சொன்னா நல்லா இருக்காது. நான் யாரையும் தள்ளி உடலீங்க. நான் விட்டத்தை அரிக்கலை. ஒரு மார்க்குச் சொன்னேன். அதுக்கு ஒரு வயசுப் பொண்ணு முன்னால போயி நிக்கோணுமா? ஊரெல்லாம் காப்பாத்துனவருன்னு சொல்லிட்டிருக்கறப்போ? செண்பகத்துக்கு இது ஏன் புரிய மாட்டீங்குதுன்னே தெரியலை.

நீங்க சன்னலுக்கு வெளியதான் பாக்கறீங்க. சரி உடுங்க. உங்க விசயத்துக்கு வர்றேன். அந்தப் பங்களா வேண்டாமுங்க. இரும்பு கர்டர் போட்டுப் புதுசு பண்ணியிருப்பான், இருந்தாலும் வேண்டாம். நீங்க கேட்டீங்க, சொல்லிப்போட்டேன். கேட்டா நான் சொல்லுவேன்.

இது என்ன, சோளக்காடு வந்துருச்சா. அடுத்தது பிரிவுதான். கண்டக்டர் விசிலை எடுத்துட்டாரு. எறங்கோணும். எங்க போச்சு என்ற பை. ஆங், இருக்குது.

அது யாரு, புளியமரத்தடியில? ரெண்டு பேரு நிக்கறாங்க. எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை, பாத்துச் சொல்லுங்க தம்பி. நரைச்ச தலை, மாம்பழக் கலர்ச் சேலை. செண்பகமேதான். எந்த பஸ்ஸுன்னு நான் சொல்லலையே, காலையில இருந்தே நிக்கறாளாட்ட இருக்குது. பக்கத்துல நிக்கறது? ஒல்லியா, தலைகூட வாராம? அய்யோ, தேன்மொழிங்க. எப்படி ஆயிட்டா பாருங்க. அவளை எதுக்கு இங்க கூட்டிட்டு வந்தா? ஊட்டுல வெச்சுச் சொல்லலாம்னு இருந்தேன், காப்பி கீப்பி குடிச்சுட்டு, மெல்லமா. பஸ் நிக்கற எடத்துல, எறங்குன ஒடனே எப்படிங்க சொல்றது?

தம்பி, சித்த முன்னால சாஞ்சு உக்காருங்க. இன்னும் கொஞ்சம். உங்க தோள் சன்னலை மறைக்கற மாதிரி. பஸ் பூராவும் எட்டிப் பாத்துட்டு வர்றா அந்தப் புள்ளை, ஒவ்வொரு சன்னலா. நான் குனிஞ்சுக்கறேன். கண்டக்டர் கேட்டா செங்காட்டுக்கு ஒரு டிக்கெட் வாங்கிப்போடுங்க எனக்கு. அடுத்த பஸ்ஸுல திரும்பி வந்து சொல்லிக்கறேன். கண்டிப்பாச் சொல்லீருவேன்.

விசில் குடுத்துட்டாங்களா? போகுதா வண்டி? இன்னும் இங்கயேதான் பாத்துட்டிருக்கறாளா?